வீட்டுக்குள் அடிக்கக் கூடாத சொற்கள்

தாமரைக்கு ஆங்கிலச் சொற்கள் மண்டையில் ஏறவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். நன்றாகவே ஏறும். ஏறி, ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அவளும் சும்மா இருந்தவள் இல்லை. போனில் ஆப் போட்டுப் பார்த்தாள். மஞ்சள் காகிதத்தில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். ஈரத்தில் உரிந்து விழுந்ததுதான் மிச்சம். ஆறாம் படிவத்தில் மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளியவள், மூவெட் என்கிற ஆங்கிலத் தேர்வில் மட்டும் பேண்ட் மூன்று என்கிற தரத்தோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

பேண்ட் மூன்று ஒன்றும் தலைகுனிவு இல்லை. அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் எத்தனையோ படிப்பு படிக்கலாம். ஆனால் தாமரைக்கு வேண்டியது சட்டம். அவள் கேட்கிற சட்டப் படிப்புக்குப் பேண்ட் நான்கு வேண்டும். மறுபடி எழுதலாம்தான். விண்ணப்பம் மூடுவதற்குள் முடிவு வந்து சேருகிற தேர்வு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. அதையும் கோட்டை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அவள் அம்மா புஷ்பவல்லியோ காத்திருக்கிற ஆள் இல்லை.

"இந்தத் தடவையும் கிடைக்கலன்னா ஷா ஆலாம்ல அக்கவுண்ட்ஸ் கோர்ஸ். நான் கேட்டு வச்சிட்டேன். அந்த மேளக் குச்சியையும் தூக்கி ஸ்டோர்ல போட்டுரு," என்றாள் புஷ்பவல்லி. கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்காருகிறவள் அவள். பல் வலியோடு வருகிறவர்களிடம் "கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொன்னாள்.

மேளக் குச்சி என்றது பம்பைக் குச்சியை. கிள்ளான் பக்கம் திருவிழா, கல்யாணம், சாவு எது நடந்தாலும் உறுமி மேளம் இல்லாமல் நடக்காது. அப்படி ஒரு குழுவை வைத்திருப்பவன் கிஷன். பகலில் துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுவான், மாலையில் உறுமி அடிப்பான். அவன் குழுவில் பெண்கள் இரண்டு பேர்: பம்பை அடிக்கும் தாமரை, ஜால்ரா போடும் அவள் தோழி ஷாமினி. ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் பயிற்சி. அந்தக் கொட்டகையை மூடச் சொல்லி அக்கம்பக்கத்தார் ஒருமுறை புகார் கொடுத்தபோது, கூட்டத்தில் எழுந்து மலாயில் வாதாடி, மாலை ஏழு மணி வரை அடிக்கலாம் என்று வாங்கிக்கொண்டு வந்தது தாமரைதான். அன்றைக்கு வீடு திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி வக்கீலைத் தவிர வேறு எதுவாகவும் தன்னால் ஆக முடியாது என்று. அம்மாவுக்குத்தான் அது இன்னும் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, மற்றவர்கள் வந்து சேரும்வரை தாமரை கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "அலீவியேட், அலீவியேட், அலீவியேட்."

உறுமிக்கு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கிஷனின் கை சும்மா இருக்குமா? அவள் மூன்றாவது தடவை சொன்னபோது உறுமி அதையே திருப்பிச் சொன்னது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான் கிஷன்.

"அலீவியேட்."

"செம்மயா இருக்கு லா! அதே அடியில வேற வார்த்த இருக்கா?"

தாமரை போனைத் தடவினாள். "எக்ஸாசர்பேட்."

உறுமி அதையும் வாங்கிக்கொண்டது. "அமீலியரேட்," என்றாள், ஒரு தட்டு கூடுதல். "டிட்டீரியரேட்," என்றாள், அதுவும் அப்படியே பொருந்தியது. ஷாமினி வந்த கையோடு ஜால்ராவை எடுத்தாள். தாமரை பம்பையைத் தோளில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் கொட்டகையே குதித்தது. அலீவியேட், எக்ஸாசர்பேட், அமீலியரேட், டிட்டீரியரேட் என்று குழு மொத்தமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அடித்தது. அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. டயர் கடை முதலாளி எட்டிப் பார்த்து, "புதுப் பாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தாமரை பல் தேய்க்கும்போது நான்கு சொற்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கத்தினாள். புஷ்பவல்லி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தினமும் மாலையில் புதுச் சொற்களோடு கொட்டகைக்கு ஓடினாள். கிஷன் அவற்றை நெல்லும் உமியும் பிரிப்பதுபோல அடி அடியாகப் பிரித்து வரிசை கட்டினான். பிரிக்பீல்ட்ஸ் டியூஷனுக்குப் போகிற கொமுட்டர் ரயிலில் அவள் விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் முறைப்பார்கள், செத்தியா ஜெயா நிலையம் தாண்டுவதற்குள் அவர்கள் கால்களும் ஆட ஆரம்பித்துவிடும். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பரீட்சைக்குப் படிக்க முடியும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் டியூஷன் நடத்தியவர் சல்மா மிஸ். பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை வைத்தார். தலைப்பு, கிராமப்புற வறுமை. தாமரை எழுந்து நின்றாள். மேசை விளிம்பில் விரலால் மெல்லத் தட்டினாள். சொற்கள் வரிசை கட்டி வந்தன. குரலை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, ஏழைகளின் துன்பத்தை அரசாங்கம் உடனடியாக எக்ஸாசர்பேட் செய்ய வேண்டும் என்று முழங்கினாள்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், அவ்வளவுதான், மாடியே சிரித்தது.

"ஏம்மா, ஏழைங்க மேல அப்படி என்ன கோவம் ஒனக்கு?" என்றார் சல்மா மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "துன்பத்தக் கொறைக்கிறதுக்கு அலீவியேட். எக்ஸாசர்பேட்னா இன்னும் மோசமாக்குறது. நேர் எதிர்."

"தெரியும் மிஸ்," என்றாள் தாமரை. தெரியும்தான். ஆனால் அடி ஒன்றாக இருந்தது. ஒரே கயிற்றில் கட்டியதால் எதை இழுத்தாலும் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வந்தது. அர்த்தம் தெரியாத கிஷன், ஓசையைப் பார்த்து ஆகாதவற்றையெல்லாம் ஜோடி சேர்த்து வைத்திருந்தான். இப்படி ஒரு தப்பைச் செய்ய மேளக்காரர்களால் மட்டும்தான் முடியும்.

வீடு திரும்பும் ரயிலில் அவள் தொடையில் தட்டவில்லை. அவமானம் ஒரு பக்கம், பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தேர்வுக்கு அதிக நாள் இல்லை. நூற்றுக்கணக்கான சொற்கள் தப்பான ஜோடியோடு தலைக்குள் உட்கார்ந்துவிட்டன. அவற்றை எப்படிப் பிரிப்பது என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஷா ஆலாம் அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் அவள் கண்முன் வந்து உட்கார்ந்தது.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரான காப்பாரில் ஒரு சாவு. தாயம்மாள் என்கிற மூதாட்டி, நிறைந்து வாழ்ந்து போனவர். கிஷன் குழுவைத்தான் கூப்பிட்டார்கள். சாவு அடி கனமானது. தம், தம் என்று விட்டு விட்டு விழும், நடுவில் மூச்சு வாங்கும், மறுபடியும் விழும். தாமரை எத்தனையோ முறை அடித்த அடிதான். அன்று வாசலில் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது, மகள் ஒருத்தி பாடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் சரிவதைப் பார்த்தாள். சரிவது என்கிற எண்ணத்தோடு, கூப்பிடாமலே, சீர்கெட்டுப்போவதைச் சொல்கிற டிட்டீரியரேட் வந்து அந்தத் தம்மின் மேல் உட்கார்ந்தது. அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

வேன் ஏறியதும் கிஷனைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நம்ம தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சு. நாம கல்யாணத்துக்கு என்ன அடிப்போம்? சாவுக்கு என்ன அடிப்போம்?"

"இது என்னா கேள்வி? ரெண்டும் வேற வேற."

"அதேதான்! கெட்ட வார்த்தைங்க எல்லாம் சாவு அடியில போகட்டும். மோசமாகுறது, கெட்டுப்போறது, அழியிறது எல்லாம். நல்லது, தணியிறது, சரியாகுறது எல்லாம் கல்யாண அடியில. ஏறிக்கிட்டே போற வார்த்தைக்குக் காவடி அடி."

பின்சீட்டில் ஷாமினி ஜால்ராவைத் தட்டிவிட்டுக் கூவினாள். கிஷன் மட்டும் யோசித்தான். அவனுக்குப் புரியாமல் இல்லை. "கொட்டகையில சாமி படம் இருக்கு. அங்க சாவு அடி ஆகாது. சும்மா இருக்கிற நேரத்துல அத அடிச்சா யாரையோ கூப்புட்ட மாதிரி லா."

குழுவில் யாரும் இதற்கு மறுபேச்சு பேசவில்லை, தாமரையும்தான். சாவு அடியைச் சாவு வீட்டில் அடிக்கலாம், தெருவில் அடிக்கலாம். குடியிருக்கிற வீட்டில், சாமி இருக்கிற இடத்தில், காரணமில்லாமல் அடிக்கக் கூடாது. கடைசியில் வழி கண்டுபிடித்தது ஷாமினி. நல்ல சொற்களைக் கொட்டகைக்குள் மேளத்தில் அடிப்பது. கெட்ட சொற்களை வெளியே, கடைக்காரர் குவித்து வைத்திருந்த பழைய டயர்களின் மேல் அடிப்பது. டயரில் தோல் கிடையாது, அதனால் அது மேளத்தில் சேர்த்தி இல்லை. இந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தாலும் இவ்வளவு மரியாதையோடு ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சொற்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் வீடுகளுக்குக் குடிபோயின. கல்யாண அடி, தகதிமி தக்கு, தகதிமி தக்கு என்று துள்ளுவது. அதில் அலீவியேட் ஏறி உட்கார்ந்தது, ரெசில்யன்ட், ஹார்மனி எல்லாம் பின்னாலேயே வந்தன. எக்ஸாசர்பேட் டயருக்குப் போனது. எஸ்கலேட்டும் அக்ஸெலரேட்டும் காவடி தூக்கிக்கொண்டு ஆடின. இப்போது அடியைத் தட்டினால் அர்த்தமும் கூடவே வந்தது. தாமரைக்குப் பறப்பதுபோல் இருந்தது.

கிஷன் இடையிடையே அதட்டினான். "எல்லாரும் ஒரே நேரத்துல அடிச்சா அது மேளம் இல்ல, சந்தக்கடை. ஒரு சுத்து நீ அடி, ஒரு சுத்து விடு. விட்டாதான் பக்கத்துல இருக்கறவன் அடி வெளிய கேக்கும்." அவளைப் பார்த்துத்தான் அதிகம் சொன்னான். கேட்கத்தான் அவளுக்கு நேரமில்லை.

வீட்டில்தான் குட்டு உடைந்தது. ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் படித்துக்கொண்டிருந்த தாமரை தன்னையறியாமல் கட்டைவிரலால் தம், தம் என்று தட்டினாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த புஷ்பவல்லி கத்தியோடு ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! வெளக்கு வைக்கிற நேரத்துல நடு வீட்டுல சாவு அடியா? ஒங்கப்பா லோரியில ஜொகூருக்குப் போயிருக்காரு, தெரியுமில்ல?"

"அம்மா, இது வந்து கெடுதலானதுக்கு டெட்ரிமெண்டல்னு ஒரு வார்த்த..."

"எந்த மெண்டலா இருந்தாலும் வாசல்ல வச்சிக்க! போ வெளிய!"

தாமரை கேட்டுக்கு வெளியே போய், கால்வாய் ஓரமாக நின்று டெட்ரிமெண்டலை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமானது. நல்ல சொல் உள்ளே, கெட்ட சொல் கேட்டுக்கு வெளியே. மழை பெய்தால் குடை. புஷ்பவல்லி வேலை செய்துகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். மேசையில் தகதிமி தக்கு கேட்டுக்கொண்டிருக்கும்வரை பேசமாட்டாள், தம் என்று ஒன்று விழுந்ததோ இல்லையோ, "வெளிய!" என்று குரல் வரும். மேளம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்கு, இப்போது எந்த அடி எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்திருக்கும். அதை அவள் ஒப்புக்கொண்டால்தானே.

தேர்வு நாள் வந்தது. எழுத்தும் வாசிப்பும் கேட்டலும் நன்றாகவே போயின. மிச்சம் இருந்தது பேச்சு. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட அறை, எதிரே இரண்டு தேர்வாளர்கள். குழு உரையாடலுக்கு நான்கு பேர் இருக்க வேண்டியது, ஒருவர் வரவில்லை. கண்ணாடி போட்ட சீனப் பையன் ஒருவன், தாமரை, தூடோங் முக்காடு அணிந்த மலாய்ப் பெண் ஒருத்தி. அந்தப் பெண் உட்கார்ந்ததிலிருந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நம் வசதிக்குத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

தலைப்பைப் படித்த தாமரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடியிருப்புப் பகுதிகளில் அமைதியைக் காப்பதற்கு எது சிறந்த வழி?

பையன் முந்திக்கொண்டான். நல்ல ஆங்கிலம், வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. திருவிழா ஊர்வலங்களில் மேளம் அடிப்பதைத் தடை செய்வதுதான் முதல் வேலை என்றான். தன் வீட்டுத் தெருவில் வருடா வருடம் அந்தத் தொல்லை என்றான். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் தாமரைக்கு இரண்டு காதும் சூடேறியது. கொட்டகைக்காக வாதாடிய அந்தக் கூட்டம் மறுபடியும் எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது. சொற்களைத் தேடிக் கை தானாக மேசைக்குப் போனது. மெல்லிய பலகை மேசை. அவள் தட்டிய தட்டில் அது மேளமாகவே முழங்கிவிட்டது.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "தயவுசெய்து கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

தாமரை கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கை நின்றதும் தலையும் நின்றது. நூற்றுக்கணக்கான சொற்களில் ஒன்றுகூட இல்லை. பையன் அவள் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டான். தேர்வாளர்களின் பேனாக்கள் காத்திருந்தன. தடை போட்டால் மனக்கசப்புத்தான் இன்னும் மோசமாகும் என்று அவள் சொல்ல வேண்டும். மோசமாவதற்கு ஒரு சொல் உண்டு. அது சாவு அடியில் இருக்கிறது. கையால் தட்ட முடியாது. காலால் தட்டலாம் என்றால், வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிற அறையில் அந்த அடியை அடிப்பதா என்று உடம்பு பதறியது. வெளியே போ என்று அம்மாவின் குரல் கேட்டது. வெளியே எங்கே போவது?

அவள் வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினாள். நாற்காலிக்கு அடியில், காற்றில், சப்பாத்து எதன் மேலும் படாமல், தம் என்று ஒரு முறை அசைத்தாள். தரையைத் தொடாத அடி கணக்கில் சேராது. இந்தத் தீர்ப்பை அவளே சொல்லி, அவளே ஏற்றுக்கொண்டாள். மறுபடியும் தம். எக்ஸாசர்பேட் வந்து நின்றது.

அதைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். தடை பகையைத்தான் வளர்க்கும் என்றாள். வேகம் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. பையன் மறுத்தான், அவள் திருப்பிக் கொடுத்தாள், இருவரும் மாறி மாறி வெளுத்து வாங்கினார்கள். அப்போதுதான் அந்த மலாய்ப் பெண் கண்ணில் பட்டாள். வாயைத் திறப்பாள், இடம் இல்லாமல் மூடுவாள். ஒரு சுற்று விடு என்று கிஷன் அதட்டியது தாமரைக்கு நினைவு வந்தது. நாக்கு நுனியில் ஒரு அருமையான பதில் இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, உன் தெருவில் எப்படி என்று கேட்டாள்.

அந்தப் பெண் மெல்லத்தான் தொடங்கினாள். "என் வீட்டுக்குப் பின்னால் கோயில் இருக்கிறது. ஊர்வலம் வந்தால் என் தம்பி கேட்டில் நின்று ஆடுவான். எங்களுக்குச் சத்தம் பிரச்சினை இல்லை. எப்போது வரும் என்று தெரியாததுதான் பிரச்சினை. நேரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும்."

எளிய சொற்கள்தான். ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. தாமரைக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பது அக்கம்பக்கத்தின் கவலையை அலீவியேட் செய்யும் என்றாள். இந்தத் தடவை எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. பையனும் தலையாட்டினான், தனக்கும் நேரம் தெரிந்தால் பரவாயில்லை என்றான். வெளியே வந்ததும் மூவரும் பள்ளிக்கூடக் கேண்டீனில் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தார்கள்.

முடிவு வருகிற நாளும் அம்மன் கோயில் திருவிழாவும் ஒன்றாக வந்து விழுந்தன. தாமரை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஊர்வலத்துக்குப் போனாள். மேளம் அடிக்கிறவர்கள் போன் வைத்துக்கொள்வதில்லை, வியர்வையில் செத்துப்போகும். புஷ்பவல்லி கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அடையாள அட்டை எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இணையத்தளம் திறக்க மறுத்தது. நாடு முழுவதும் அதே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தால் அதுவும் என்ன செய்யும்.

வெயில் கொளுத்தியது. அம்மன் ரதம் மெல்ல நகர்ந்தது. ரதத்துக்கு முன்னால் கிஷன் குழு காவடி அடியை ஏற்றிக்கொண்டே போனது. முன்வரிசைப் பால்குடக்காரிகள் அருள் வந்து ஆடினார்கள். தாமரை அடித்தாள், ஆனால் கண்கள் கூட்டத்தில் அம்மாவைத்தான் தேடின. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் உருவம் வந்தது. புஷ்பவல்லிதான். கொண்டை அவிழ்ந்திருந்தது. முகம் முழுக்கக் கண்ணீர்.

அம்மா எதற்கும் அழுகிறவள் இல்லை. அழுகிறாள் என்றால் போயிற்று. சட்டம் போயிற்று, பம்பை போயிற்று. இருந்தாலும் ஊர்வலத்தில் ஒருத்தி நிறுத்தினால் எல்லோரும் தடுமாறுவார்கள் என்பதால் கைகள் அடித்துக்கொண்டே இருந்தன.

புஷ்பவல்லி வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். இத்தனை மேளத்துக்கு முன்னால் யார் குரல் எடுபடும்? போனை உயர்த்திக் காட்டினாள். வெயிலில் திரை வெறும் கண்ணாடியாக மின்னியது. மறுபடியும் கத்தினாள், தலையில் அடித்துக்கொண்டாள். நான்கு விரலைக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அது தனக்குத் தோன்றவே இல்லை என்று பிறகு அவளே சொல்லிச் சிரித்தாள். நடுத்தெருவில் நின்றபடி ஒரு கணம் விழித்தாள். பிறகு போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள்.

தகதிமி தக்கு. தகதிமி தக்கு.

தாமரைக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. உள்ளே அடிக்கிற அடி. நல்ல சொற்களின் அடி. அம்மா ஊர் பார்க்க, அம்மன் பார்க்க, கொண்டை அவிழ்ந்த தலையோடு கல்யாண அடி தட்டிக்கொண்டிருந்தாள்.

கிஷனும் பார்த்துவிட்டான். தாமரையின் பக்கம் திரும்பி ஒரே ஒரு முறை சிரித்தான். உறுமி காவடி அடியிலிருந்து கல்யாண அடிக்குத் தாவியது. ஷாமினி கூவிக்கொண்டே ஜால்ராவை மாற்றினாள். தாமரை ஒரு சுற்று விட்டாள், கண்ணைத் துடைக்க அவ்வளவு நேரம்தான் வேண்டியிருந்தது, பிறகு பம்பையோடு உள்ளே பாய்ந்தாள்.

புஷ்பவல்லி ஊர்வலத்துக்கு முன்னால் தட்டிக்கொண்டே நடந்தாள். தாளம் தவறித்தான் தட்டினாள். கிஷன் குழுவில் தாளம் தவறினால் யாரானாலும் திட்டு விழும். அன்றைக்கு யாரும் அவளைத் திருத்தவில்லை.